உபயோகத்தில் இல்லாத அப்பா

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பிள்ளை ஒருவன் இருந்தால் போதும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையாவது பிடித்துச் சீர்திருத்தாமல் அவனுக்குத் தூக்கம் வராது. நான் சீர்திருத்தியது எங்கள் வீட்டு டெலிபோனை. அதில் என் அப்பா செத்துப்போனார். (பதற வேண்டாம். நன்றாகத்தான் இருக்கிறார். இதை எழுதும் இந்த நேரத்தில்கூட, குடோனில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்கிறது.)

கடலூர் முதுநகரில் எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் குடோன். அண்டா, இட்லிக் கொப்பரை, சாம்பார் வாளி, சாமியானா, பந்தி மேசை, பிளாஸ்டிக் நாற்காலி என்று ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் நீலப் பெயின்ட்டில் எங்கள் வீட்டு லேண்ட்லைன் நம்பர் எழுதியிருக்கும். அண்டாவின் வயிற்றிலும் அதே நம்பர். அ, ஆவுக்கு முன்னாலேயே நான் அந்த நம்பரைத்தான் எழுதப் படித்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஒரு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட்ட எவரும் அந்த நம்பர் மேல் ஒருமுறையாவது சாய்ந்திருப்பார்.

அந்த நம்பருக்குரிய சிவப்பு டெலிபோன் கடை மேசை மேல் இருந்தது. அப்பாவுக்கு அதில் ஒரு சட்டம் உண்டு. அது எடுத்துப் பேசுவதற்கு மட்டும்தான். அதிலிருந்து யாரையும் கூப்பிடக் கூடாது. "நம்மள தேடி நாலு பேரு கூப்புடணும். நாமளா போன் போட்டு வேல கேட்டா, பொழப்பத்தவன்னு நெனச்சிக்குவாங்க" என்பார். நான் வாங்கிக் கொடுத்த செல்போனை, சார்ஜ் வீணாகிவிடும் என்று அணைத்து, துணிப்பையில் சுற்றிப் பீரோவில் வைத்திருந்தார். புது வேட்டிக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நான் சென்னையில் ஒரு கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். என்ன வேலை என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜனங்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள், எதைப் பயன்படுத்துவதில்லை என்று விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, முதலாளிகளுக்கு முடிவு சொல்லும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொன்னதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு வந்துவிட்டேன்.

வந்தபிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. எங்கள் இன்டர்நெட் அந்தப் பழைய டெலிபோன் ஒயரில்தான் வந்தது. போன் மணி அடித்தால் நெட் போய்விடும். நான் மீட்டிங்கில் முக்கியமான விஷயத்தைச் சொல்ல வாயைத் திறப்பேன். கடையில் மணி அடிக்கும். திறந்த வாய் திறந்தபடியே சென்னையிலுள்ள அத்தனை பேர் திரையிலும் நின்றுவிடும். "உன் முகம் மாட்டிக்கிச்சுப்பா" என்று மேனேஜர் சொன்னதாக மறுநாள் கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

போன் இணைப்பை எடுத்துவிட்டு, புது ஒயரில் நெட் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஆனால் நான் சும்மா ஆசைப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை. ஆராய்ந்துதான் செய்வேன். (இங்கே நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் சிரிப்பார்கள்.) விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி எழுப்ப, வாசலில் அம்மா போட்ட கோலத்தையும் அதன் நடுவிலிருந்த பூசணிப்பூவையும் தாண்டிக் கடைக்குள் போய் உட்கார்ந்து, அந்த போனுக்கு எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று நாள் தவறாமல் கவனித்தேன். ஒரு பெண் லோன் வேண்டுமா என்றாள். ஒருவர் ராங் நம்பர். அவரும் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதான். சாவுச் செய்தி இரண்டு மூன்று வந்தது. அதற்கெல்லாம் ஆளே பைக்கில் நேராக வந்து சாமியானா ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

ஆக, முடிவு தெளிவாக இருந்தது. அந்த போனை யாரும் பயன்படுத்துவதில்லை.

"அப்பா, போன் லைன மாத்திடலாம். புது ஒயர் போடுவாங்க" என்றேன்.

"நல்லா இழுக்குற ஒயரா போடச் சொல்லு" என்றார். புது ஒயரில் போன் இன்னும் கணீரென்று கேட்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இணைப்பு அவர் பேரில் இருந்ததால் டெலிபோன் ஆபீசுக்கு அவரையும் கூடவே அழைத்துப்போனேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே டீக்கடைக்காரரிடம் அவர் பேத்திக்குக் காது குத்துவது எப்போது என்று விசாரிக்கப் போய்விட்டார். கவுன்டரில் இருந்த ஊழியரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெட்டு மட்டும் போதுமா சார்? புது லைன்லயே போனும் சேத்து வாங்கிக்கலாம். இப்ப வேணாம்னு வுட்டா இந்த நம்பர் போயிடும். அப்பறம் கெடைக்கும்னு சொல்ல முடியாது."

"வேணாம் மேடம். இந்தக் காலத்துல யாரு மேடம் லேண்ட்லைன்ல பேசுறா?"

"வீட்ல பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுக்குங்க."

"எல்லாம் ஆராய்ச்சி பண்ணிட்டேன் மேடம்" என்றேன். அந்த அம்மா என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையை முடித்துக் கொடுத்தார். அவரை நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை எழுதி என் நெற்றியில் ஒட்டியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

புது ஒயர் வந்தது. சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று கண்சிமிட்டியது. நெட் பறந்தது. நான் மீட்டிங்கில் கொட்டாவி விட்டால்கூடச் சென்னையில் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு டெலிபோனை மட்டும் மேசையிலிருந்து எடுக்கவில்லை. அப்பா தினமும் காலையில் துண்டால் துடைக்கிற சாமான், ஆசைக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக நினைத்தேன்.

பொங்கல் வந்தது. எங்களிடம் மாடு கிடையாது. அதனால் மாட்டுப் பொங்கலன்று சோறு போடுகிற சாமான் அத்தனைக்கும் அம்மா பொட்டு வைப்பார். வேனுக்கு, பெரிய அண்டாவுக்கு, அடுப்புக்கு வைத்துவிட்டுக் கடைசியாக டெலிபோனுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

தை பிறந்தும் போன் மட்டும் வரவில்லை.

முதல் சில நாள் அப்பா பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு போன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குளிக்கப் போகும்போது, "போன் வந்தா எடுங்க, வுட்டுடாதீங்க" என்று கொல்லையிலிருந்து கத்துவார். சாப்பிடும்போது ஒரு காது கடைப்பக்கம் இருக்கும். லோடு ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர், வேலை இல்லை என்று காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"ஊரு மாறிப்போச்சி" என்றார் ஒருநாள் அம்மாவிடம். "பைபாஸ் பக்கம் புதுசா கட வெச்சிருக்கான்ல, சேருக்கெல்லாம் வெள்ள சட்ட போட்டு ரிப்பன் கட்டி வுடுறானாம். நம்ம சேரு எவனுக்கு வேணும். நான் யாருக்கு என்னா கொற வெச்சேன், சொல்லு."

நான் ஹெட்போனைக் கழற்றி, "நாமளும் சேருக்குச் சட்ட தெச்சிடலாம்பா" என்று ஆலோசனை சொன்னேன். அந்த நேரத்தில்கூட எனக்கு உறைக்கவில்லை. உண்மையிலேயே பைபாஸ் கடைக்காரர் மேல்தான் எனக்கும் கோபமாக இருந்தது.

அப்பாவை நிஜமாகவே உடைத்தது கோயிந்தன் மாமா. சிதம்பரத்தில் சமையல் மாஸ்டர். அவர் கை வைக்கிற எந்தக் கல்யாணத்துக்கும் எங்கள் பாத்திரம்தான். வெற்றிலை பாக்கு மாற்றி வாயால் பேசிக்கொள்வதோடு சரி. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் சிவப்பு போனில் கூப்பிட்டு, "மச்சான், இத்தினி எல, இன்ன மண்டபம், வண்டிய அனுப்பு" என்பார். அனுப்புவார் அப்பா. தையின் முதல் முகூர்த்தத்தில் சிதம்பரம் மேலவீதியில் ஒரு பெரிய கல்யாணம் என்று கார்த்திகையிலேயே பேசி வைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை வரைக்கும் அவரிடமிருந்தும் போன் இல்லை.

"நீயே போயிட்டு வாயேன்யா" என்றார் அம்மா.

"கூப்புடாத எடத்துக்கு அண்டா தூக்கினு போவச் சொல்றியா? கோயிந்தனே என்ன வாணாம்னுட்டான். போதும்" என்று சொல்லிவிட்டு அப்பா குடோனுக்குள் போனார். பந்தி மேசை ஒன்றின் மேல் நீட்டிப் படுத்து, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கிட்டே போய்ப் பார்க்கத் தைரியம் இல்லாமல் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோயிந்தன் மாமா இறங்கினார். கையில் இவ்வளவு பெரிய ரோஜா மாலை. கண் சிவந்து, முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எங்கடா இருக்காரு?"

"குடோன்ல மாமா. படுத்திருக்காரு" என்றேன். கல்யாண வீட்டு மாலை கொண்டுவந்திருக்கிறார், அப்பாவைச் சமாதானம் செய்ய வந்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

உள்ளே போனவர், வரிசையாக அடுக்கிய அண்டாக்களுக்கு நடுவில், மேசை மேல் கால் நீட்டி, முகம் மூடிக் கிடந்த உருவத்தைப் பார்த்தார். அடுத்து அவர் போட்ட சத்தத்தில் முதுநகரே அதிர்ந்தது.

"மச்சான்... என்ன வுட்டுட்டு எப்புடி மச்சான் போன... ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே மச்சான்..."

அப்பா துண்டை விலக்கி எழுந்து உட்கார்ந்தார்.

கோயிந்தன் மாமா மாலையோடு பின்னால் சாய்ந்தார். பின்னால் இருந்தது நாற்காலி அடுக்கு. அது ஒரு பக்கம் சரிய, அதன் மேல் சாம்பார் வாளிகள் சரிய, அடங்கிய பிறகு பார்த்தால் மாமா ஓர் இட்லிக் கொப்பரைக்குள் பாதி உட்கார்ந்திருந்தார்.

"என்னாய்யா ஆச்சி ஒனக்கு?" என்றார் அப்பா.

"நீ சாவலியா?"

"ஏன், செத்தாதான் வருவியா?"

"போன் போட்டேன் மச்சான். ரெண்டு நாளா போடுறேன். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லைங்குது அந்தப் பொண்ணு. நீ இருக்கசொல்ல அந்த நம்பர் எப்புடி இல்லாம போவும்? ஆளு போயிட்டாரு, கடைய மூடிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். மேலவீதி பூரா சொல்லி அழுதுட்டுதான் பஸ் ஏறுனேன்."

அப்பா எழுந்து கடைக்கு வந்தார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். வெகுநேரம் கேட்டார். சந்தனப் பொட்டோடு இருந்த அந்த போனில் ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லை. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்பத்திலேர்ந்து?"

"மார்கழியிலேர்ந்துப்பா. யாருமே கூப்புடல. நான் தெனமும் ஒக்காந்து பாத்தேன். அதான் போன எடுத்துட்டு நெட்டு மட்டும்..."

சத்தம் கேட்டு வந்து நின்ற அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மார்கழியில எவன்டா கல்யாணம் பண்ணுவான்? எவன்டா கல்யாணப் பேச்சு பேசுவான்? பாத்திரக் கடையில பொறந்துட்டு, மார்கழியில போயி போன் வருதான்னு பாத்தியா நீ?"

உலகத்தில் எத்தனையோ கம்பெனிகளுக்கு நான் ஆராய்ந்து முடிவு சொல்லியிருக்கிறேன். அவர்கள் கதி என்னவாயிற்றோ என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கவலைப்பட்டேன். ஊரே மறந்துவிட்டதென்று ஒரு மனுஷன் துண்டால் முகத்தை மூடிப் படுத்ததற்கு, பைபாஸ் கடைக்காரனும் காரணமில்லை, ஊரும் காரணமில்லை. நான்தான் என்று புரிந்தபோது அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா திட்டவில்லை. கோயிந்தன் மாமா கையிலிருந்த மாலையைக் காட்டி, "அத வீணாக்காதய்யா. செத்தது எதுவோ அதுக்குப் போடு" என்றார். மாமா ஒரு கணம் யோசித்துவிட்டு, மாலையைப் பயபக்தியோடு டெலிபோனுக்குப் போட்டார்.

பிறகு அப்பாவின் குரல் பழையபடி வந்தது. "எத்தினி எல?"

"சாயங்காலம் மாப்ள அழைப்பு மச்சான். நீ போயிட்டன்னாலும், வேற கடையில சொல்ல எனக்கு மனசு வரல. உம் பையன கேட்டுக்கலாம்னு வந்தேன்."

லோடு ஆட்கள் இல்லை. யார் ஏற்றுவது என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கம்பெனிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு செய்தி போட்டுவிட்டு (அண்டா தூக்கி முடித்தபோது அது உண்மையாகிவிட்டது) வேனில் ஏற்றினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ரோட்டில் ஒரு பள்ளம் விடாமல் இறங்கி ஏறிய வேனின் பின்பக்கம், ஓர் அண்டா உருளாமல் இருக்க அதைக் கட்டிப்பிடித்தபடி நான் நின்றுகொண்டே வந்தேன். முன்னால் அப்பாவும் மாமாவும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

மண்டபத்து வாசலில் அப்பா இறங்கியதும் கல்யாண வீடு ஒரு நிமிஷம் நின்றுபோனது. பந்தல் போடுகிறவர் கயிற்றைக் கைவிட்டார். பெண்ணின் அப்பா ஓடிவந்து, அப்பாவின் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பூக்காரம்மா, மேளக்காரர், மண்டபத்து மேனேஜர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள்.

"நேத்துதாங்க சொல்லினு இருந்தேன், அந்த மாதிரி ஒரு மனுசன் கெடைக்க மாட்டாருன்னு. என் தங்கச்சி கல்யாணத்துல பாக்கி ரூவாய கேக்கவே இல்லியே அவருன்னு" என்றார் மேளக்காரர்.

"அப்பிடியா சொன்ன? வேற என்னா சொன்ன?" என்று கேட்டு, அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் நாற்காலிதான். முதுகில் உயிரில்லாத நம்பர். அதன் மேல் சாய்ந்துகொண்டு, தான் செத்த பிறகு ஊர் என்ன பேசியது என்று ஒருவர் விடாமல் கேட்டார். அழுதவர்களை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். இட்லிக் கொப்பரையைத் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போன நான், அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "டே, கொப்பரய எறக்கி வெச்சிட்டு அழுடா" என்றார் மாமா.

அந்த நம்பர் திரும்பக் கிடைக்கவில்லை. மறுநாளே கவுன்டரில் போய் நின்றேன். அந்த அம்மா முயற்சி செய்துவிட்டு, "அன்னிக்கே சொன்னேனே சார்" என்று மட்டும் சொன்னார். ஆராய்ச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நல்லவர்.

புது நம்பர் எழுத வேண்டும். யாருடையதை எழுதுவது? அப்பாவின் செல்போன் பீரோவில் துணிப்பைக்குள் உறங்குகிறது. "உன் நம்பர எழுதுடா. இருபத்துநாலு மணி நேரமும் கையிலதான வெச்சிருக்க" என்றார் அப்பா. தை மாதம் முழுக்க, மீட்டிங் இல்லாத நேரமெல்லாம் குடோனில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் பழைய நம்பரை அழித்து என் நம்பரை என் கையாலேயே எழுதினேன்.

அன்றிலிருந்து நான்தான் கடை டெலிபோன். மேனேஜர் கேள்வி கேட்கும்போது, "தம்பி, வடச்சட்டி ரெண்டு, ஜல்லிக்கரண்டி ஒண்ணு" என்று யாராவது கூப்பிடுவார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தாத்தா, படகுப் பூஜையில் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "சும்மாதான்யா போட்டுப் பாத்தேன், நம்பர் வேல செய்யுதான்னு" என்று கூப்பிட்டார். எனக்குப் பெண் தர நினைத்தவர் முதல்முறை போன் பண்ணி, "கல்யாண விஷயமா பேசணும் தம்பி" என்றபோது, "எந்த முகூர்த்தங்க? எத்தினி சேரு?" என்று கேட்டுவிட்டேன். "மொதல்ல பொண்ண வந்து பாருங்க தம்பி, சேரு அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அவர்தான் இப்போது என் மாமனார்.

கோயிந்தன் மாமா இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே வருவதில்லை. வாசலில் நின்று, "மச்சான் உபயோகத்துல இருக்காரா?" என்று கேட்டு, அப்பா உள்ளேயிருந்து "இருக்கேன்யா, வா" என்ற பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

சிவப்பு டெலிபோன் இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. இந்த வருஷமும் மாட்டுப் பொங்கலன்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து வேனுக்கு வைத்தார், அண்டாவுக்கு வைத்தார், அடுப்புக்கு வைத்தார். டெலிபோனைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். நான் காதில் செல்லை இடுக்கிக்கொண்டு யாருக்கோ இலை கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினார்.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.